ஒரு நாட்டில் போட்ட தடுப்பூசி இன்னொரு நாட்டில் கணக்கில் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பம் நாடு மாறும்போது, பிள்ளையின் தடுப்பூசி அட்டை பெட்டியின் அடியில் எங்கோ கிடந்து, பள்ளிச் சேர்க்கை நாளில்தான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில், தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்ட ஒரு பிள்ளை அமெரிக்கப் பள்ளியில் சேரும் நிலையை முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெற்றோருக்கு அதிகக் குழப்பம் நேர்வது அங்கேதான். வேறு சில நாடுகளின் விதிகள், மஞ்சள் காய்ச்சல், ஹஜ் பயணம், கொரோனா ஆகியவை பற்றிய கேள்விகளுக்கும் பின்னால் விடை இருக்கிறது.

ஊசி போட்டது போட்டதுதானே? அதை இன்னொரு நாடு ஏன் ஏற்காமல் போக வேண்டும்?

இந்திய மருந்தின் மீதோ செவிலியரின் மீதோ ஐயப்பட்டு எவரும் மறுப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் அட்டவணைக்கு ஏற்றபடி சில கணக்குகளை வைத்திருக்கிறது: எந்த வயதுக்கு முன் போட்டால் செல்லாது, இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது எத்தனை நாள் வேண்டும், எந்த நோய்க்கு எத்தனை தவணை வேண்டும் என்பவையே அவை. பிள்ளையின் அட்டையில் உள்ள தேதிகளை அந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கிறார்கள். பொருந்தியது சேரும், பொருந்தாதது நீங்கும். உலகம் முழுவதும் ஒரே வடிவச் சான்றிதழ், எல்லா நாடுகளும் ஏற்றே தீர வேண்டும் என்ற ஏற்பாடு வழக்கமான பயன்பாட்டில் இருப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு மட்டும்தான். அது 2005-ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கான ஊசிகளுக்கு அப்படி ஒரு பொது உடன்படிக்கை கிடையாது. எனவே போய்ச் சேரும் நாட்டின் கணக்கே இறுதியானது.

எங்கள் பிள்ளைக்கு ஒன்றுகூட விடாமல் போட்டிருக்கிறோம். அமெரிக்கப் பள்ளி இன்னும் ஊசி கேட்பது ஏன்?

ஓர் அட்டையை வைத்தே பார்க்கலாம். 12.06.2019 அன்று அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். பிறந்த அன்றே காசநோய்க்கான பி.சி.ஜி., ஹெபடைடிஸ்-பி, முதல் சொட்டு மருந்து. பிறகு 6, 10, 14 வாரங்களில், அதாவது 24.07.2019, 21.08.2019, 18.09.2019 ஆகிய நாள்களில், ஹெபடைடிஸ்-பி மருந்தும் அடங்கிய ஐந்து நோய்க் கூட்டு ஊசியான பென்டாவேலண்ட்டும் சொட்டு மருந்தும். தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை 18.03.2020, இரண்டாம் தவணையும் முதல் டி.பி.டி. பூஸ்டரும் 04.11.2020, ஐந்து வயதுக்குரிய இரண்டாம் பூஸ்டர் 07.08.2024. எல்லாம் புதன்கிழமைகள், நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போடும் நாள் அதுதானே. நம் நாட்டு அட்டவணைப்படி இந்த அட்டையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டுள்ள கணக்கில் இதே அட்டையை வைத்துப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றுக்கு மூன்று பென்டாவேலண்ட்டும் இரண்டு பூஸ்டர்களும் சேர்ந்து ஐந்து தவணையும் அப்படியே செல்லும். ஹெபடைடிஸ்-பி நான்கு முறை போட்டிருந்தாலும், கடைசித் தவணை 24 வார வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் பிள்ளைக்குக் கடைசியாகப் போட்டது 14 வாரத்தில் என்பதால் இன்னும் ஒன்று தேவைப்படும். தட்டம்மைக்கு முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தவணை செல்லாது, ஆகவே 18.03.2020 நீங்கி, 04.11.2020 மட்டும் மிஞ்சும். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து நம் அரசு அட்டவணையில் உள்ள தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசியில் இல்லவே இல்லை. அங்கே கேட்பது மூன்று நோய்களுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர்.; அதனால் குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். போட்டுவிடுவதே வழக்கம். சின்னம்மைக்கும் அரசு அட்டவணையில் ஊசி இல்லை. அங்கே இரண்டு தவணை கேட்பார்கள்.

ஆக, ஐந்து வயது வரை ஒரு புதன்கிழமையும் தவறாத பிள்ளைக்கு, அங்கே போன முதல் ஆண்டிலேயே ஐந்தாறு ஊசி பாக்கி என்று எழுதிக் கொடுப்பார்கள். இதைப் பார்த்துப் பெற்றோர் மனம் நொந்துகொள்வது இயல்பு. ஆனால் அந்தத் தாள் நீங்கள் ஊசி போடாமல் விட்டதாகச் சொல்லவில்லை. இரண்டு அட்டவணைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையே சொல்கிறது. பள்ளிக்கு எந்தெந்த ஊசி கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், சேரப்போகும் மாநிலத்தின் சுகாதாரத் துறை தரும் பட்டியலைத்தான் இறுதியாகப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி வீணா?

வீண் இல்லை. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் உடலில் சில மாதங்கள் இருக்கும். அது இருக்கும்போது போடும் தட்டம்மை ஊசி முழுப் பலன் தராமல் போகலாம். ஆகவே தட்டம்மை அரிதாக உள்ள நாடுகள் ஓராண்டு நிறையும்வரை காத்திருக்கின்றன. நோய் பரவலாக உள்ள நாட்டில் அப்படிக் காத்திருந்தால், ஊசிக்கு முன்பே நோய் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் இந்தியாவில் 9 மாதம் என்று வைத்தார்கள். அந்த ஊசி அந்தக் குழந்தையை அந்த மாதங்களில் காத்தது உண்மை. இப்போது பள்ளி கேட்பது வாழ்நாள் பாதுகாப்புக்கான கணக்கு.

எல்லா நாடுகளும் இதில் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 01.03.2020 முதல் ஜெர்மனியில் பள்ளிக்கும் மழலையர் காப்பகத்துக்கும் தட்டம்மைத் தடுப்பு சட்டப்படி கட்டாயம். அங்கே 9 மாதம் நிறைந்த பின் போட்ட தவணையை முதல் தவணையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஊசி, அதே தேதி; அமெரிக்காவில் நீங்குகிறது, ஜெர்மனியில் நிற்கிறது. இலங்கையில் 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். ஏற்றுகிறார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கிப் பிரச்சினை எழாது என்றாலும், 9 மாதத் தவணையை ஏற்காத நாட்டில் இன்னும் ஒரு தவணை கேட்பார்கள்.

போலியோ சொட்டு மருந்து பத்து முறைக்கு மேல் கொடுத்திருக்கிறோமே?

முகாம்களில் கொடுத்ததையும் சேர்த்தால் சில பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அமெரிக்கக் கணக்கில் 01.04.2016 அன்றும் அதற்குப் பிறகும் கொடுத்த சொட்டு மருந்து சேராது. போலியோ நச்சுயிரியில் மூன்று வகைகள் உண்டு. இரண்டாம் வகை இயற்கையில் ஒழிந்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்ட பின், 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை எடுத்துவிட்டார்கள். இந்தியா மாறிய நாள் 25.04.2016. மூன்று வகைக்கும் காப்பு வேண்டும் என்று கேட்கும் நாட்டுக்கு இரண்டு வகை மட்டும் உள்ள மருந்து போதவில்லை. ஐ.பி.வி. என்னும் போலியோ ஊசியைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அதிலும் ஒரு தவணை நான்கு வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அரசு நிலையங்களில் ஐ.பி.வி.யைத் தோலுக்குள் 0.1 மி.லி. என்ற சிறிய அளவில் போடுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் தசையில் 0.5 மி.லி. முழு அளவு போடுவார்கள். அட்டையில் வெறுமனே ‘ஐ.பி.வி.’ என்று மட்டும் இருந்தால் எது போடப்பட்டது என்று படிப்பவருக்குத் தெரியாது. அளவையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லையா?

குறைவு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணையைப் பின்பற்றும் மருத்துவரிடம் போட்டிருந்தால் எம்.எம்.ஆர். மூன்று தவணையும் சின்னம்மை இரண்டு தவணையும் இருக்கும். 9 மாதத்து எம்.எம்.ஆர். நீங்கினாலும் மீதி இரண்டு போதும். ஒன்றரை வயதில் ஹெபடைடிஸ்-பி அடங்கிய ஆறு நோய்க் கூட்டு ஊசி போட்டிருந்தால் அந்தக் கணக்கும் சரியாகிவிடும்.

தவணைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் விட்டுப்போயிற்று. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு வேண்டியதில்லை. இடைவெளி நீண்டதால் முன்பு போட்டது அழிந்துவிடாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொல்லை வருவது இடைவெளி குறையும்போதுதான். குறைந்தபட்ச வயதுக்கோ இடைவெளிக்கோ நான்கு நாள் வரை முந்தியிருந்தால் சி.டி.சி. விதி பொறுத்துக்கொள்ளும். எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற, வலுக்குறைத்த உயிருள்ள கிருமி அடங்கிய மருந்துகளை ஒரே நாளில் போடலாம். வெவ்வேறு நாளில் போட்டால் 28 நாள் இடைவெளி கட்டாயம். இதில் நான்கு நாள் சலுகையும் கிடையாது. ஒரு வாரம் முன்னதாகப் போட்டுவிட்டால் இரண்டாவதாகப் போட்டதைத் திரும்பப் போடச் சொல்வார்கள்.

முதல் தவணை ஒரு நிறுவனத்தின் மருந்து, அடுத்தது வேறு நாட்டில் வேறு நிறுவனத்தின் மருந்து. பரவாயில்லையா?

குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளில் பரவாயில்லை. எந்த நோய்க்கு என்பதும் தேதியும்தான் முக்கியம்.

அட்டையில் என்னென்ன இருந்தால் கேள்வி எழாமல் போகும்?

முதலாவது தேதி. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முன்னே வைத்துப் படிக்கிறார்கள். மேலே சொன்ன அட்டையில் 04.11.2020 என்பது நவம்பர் 4. அதை அங்கே ஒரு எழுத்தர் ஏப்ரல் 11 என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: குழந்தைக்கு அப்போது பத்து மாதம்கூட நிறையவில்லை, முதல் தவணைக்கும் அதற்கும் 24 நாள்தான் இடைவெளி. செல்லக்கூடிய ஒரே தட்டம்மைத் தவணையும் போய்விடும். 24.07.2019-ஐ எவரும் தவறாகப் படிக்க முடியாது, ஏனென்றால் 24-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. பன்னிரண்டுக்குள் அடங்கும் நாள்கள்தான் வம்பு. மாதத்தை எழுத்தில் எழுதிய ஒரு தாளை மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. கிளம்பும் அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலையும் அதுதான்.

அடுத்தது பெயர். அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்று தொடங்கித் தாயின் பெயர் மட்டும் இருப்பது நம் ஊரில் சாதாரணம்; பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே முதல் ஊசி போட்டாயிற்றே. கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் உள்ள குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனித் தேதி வேண்டும். ‘வயதுக்குரிய அனைத்துத் தடுப்பூசிகளும் போடப்பட்டன’ என்ற பொதுச் சான்று எதற்கும் உதவாது. இந்திய அரசின் யு-வின் தளத்தில் பதிவான பிள்ளைகளுக்குக் கியூ.ஆர். குறியீட்டுடன் சான்றிதழ் எடுக்க முடியும். ஆனாலும் பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அங்கே போன பின், ஒரு மருத்துவர் இந்தத் தேதிகளை மாநிலத்தின் படிவத்துக்கு மாற்றித் தருவார். பல மாநிலங்களில் கணினிப் பதிவேடும் உண்டு. டெக்சாஸில் அதன் பெயர் இம்ட்ராக்-2, அதில் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒருமுறை பதிவேற்றிவிட்டால் அடுத்த பள்ளிக்கு மீண்டும் அட்டையைத் தேட வேண்டியதில்லை.

அட்டையே தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஊரில் தேடுங்கள். ஊசி போட்ட சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலும், கிராம சுகாதார செவிலியரின் கையேட்டிலும் வரி இருக்கக்கூடும். பாட்டி வீட்டார் யாராவது நேரில் போய்க் கேட்டால் கிடைத்துவிடுவது உண்டு. கிடைக்காவிட்டால், எழுத்து வடிவில் தேதியுடன் ஆதாரம் இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகவே எடுத்துக்கொள்வது அமெரிக்க வழக்கம். பிரிட்டனிலும் நம்பத்தக்க வரலாறு இல்லையென்றால் போடப்படாததாகக் கொண்டே புதிய அட்டவணை வகுப்பார்கள்.

ஏற்கெனவே போட்டதையே மறுபடி போட்டால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லையா?

எம்.எம்.ஆர்., சின்னம்மை, ஹெபடைடிஸ்-பி, போலியோ ஆகியவற்றில் ஒரு தவணை கூடுதலாவதால் தீங்கு இல்லை என்பதே மருத்துவ நிலைப்பாடு. டெட்டனஸ் அடங்கிய ஊசிகளில் மட்டும் கவனம் தேவை; குறுகிய காலத்தில் அடுக்கடுக்காகப் போட்டால் கை கடுமையாக வீங்கி வலிக்கலாம். அந்த ஊசிகளுக்கு ஆதாரம் இல்லாதபோது, திரும்பப் போடுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமானது. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ்-பி ஆகியவற்றுக்கும் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்க முடியும்; கக்குவான் இருமலுக்கு அப்படி நம்பகமான பரிசோதனை இல்லை. எங்கள் கருத்து, ஒரே ஒரு தவணைக்காகப் பரிசோதனை, முடிவுக்குக் காத்திருப்பு, பள்ளியுடன் கடிதப் போக்குவரத்து என்று அலைவதைவிடப் போட்டுவிட்டு வருவது எளிது என்பதே.

தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது. காசநோய்ப் பரிசோதனையில் சிக்கல் வருமா?

வரக்கூடும். அமெரிக்காவில் பி.சி.ஜி. வழக்கமாகப் போடுவதில்லை. தோலில் மருந்து செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, பி.சி.ஜி. போட்டவருக்குத் தொற்று இல்லாமலே இருப்பதுபோல் காட்டலாம். அந்தக் குழப்பம் இல்லாத இக்ரா என்ற இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். எம்.எம்.ஆர். போட்ட அன்றே அந்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கலாம். அன்று எடுக்காவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எப்படி?

டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளி மாணவர் தடுப்பூசிச் சட்டம் இருக்கிறது. பதிவை உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பது பெற்றோரின் கடமை. குடும்ப மருத்துவர் தாமே அனுப்பியிருப்பார் என்று இருந்துவிட்டால், பிள்ளையை 20 பள்ளி நாள் வரை இடைநிறுத்தும் கடிதம் வீட்டுக்கு வரலாம். 2010-இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே சின்னம்மை ஊசியும் கட்டாயப் பட்டியலில் உண்டு. ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதற்கும் ஒரே தடுப்பூசிப் பதிவேடு. வெளிநாட்டில் போட்டதை அதில் ஏற்றும் உரிமை ஊசி போடும் மருத்துவருக்கும் செவிலியருக்குமே உண்டு, நாமாக ஏற்ற முடியாது. சில குடும்ப உதவித்தொகைகளுக்கும் அந்தப் பதிவு தேவை. சிங்கப்பூரில் 01.02.2019 முதல், நீண்டகால அனுமதி கோரும் 12 வயது வரையுள்ள வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான், தட்டம்மை ஆகிய இரண்டுக்கும் சான்று காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழும் ஹஜ் ஊசியும்?

மஞ்சள் நிறக் கையேடாகத் தரப்படும் அந்தச் சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லும், 11.07.2016 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று விதி மாறியிருக்கிறது, பழைய சான்றிதழ்களுக்கும் அது பொருந்தும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த் தடுப்பு நிலையம் அவற்றுள் ஒன்று. அடித்தல் திருத்தல் இருந்தால் சான்றிதழ் செல்லாமல் போகலாம். அந்த நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புவோரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் விதியை நம் விமான நிலையங்கள் கண்டிப்பாகவே பின்பற்றுகின்றன. ஹஜ், உம்ரா செல்வோர் நான்கு வகை மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். மருந்தின் வகையைப் பொறுத்து மூன்று அல்லது ஐந்து ஆண்டு அது செல்லும். ஐந்தாண்டு வகை என்பது சான்றிதழில் எழுதப்பட்டிராவிட்டால் மூன்றாண்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கொரோனா ஊசிகளை வெவ்வேறு நாட்டில் போட்டவர்கள் இப்போதும் சான்று காட்ட வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. விமானத்தில் அமெரிக்கா செல்வோருக்கு இருந்த கட்டாயம் 12.05.2023 அன்று நீங்கியது. குடியேற்ற மருத்துவப் பரிசோதனையிலிருந்தும் 22.01.2025 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் கொரோனா காலத்தில் நடந்தவை, அங்கீகாரம் என்பது எப்படி இயங்குகிறது என்பதை நன்றாகக் காட்டின. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சான்றிதழ் தொடங்கியபோது, ஐரோப்பாவில் தயாரான ஆஸ்ட்ராஜெனகா மருந்து பட்டியலில் இருந்தது. அதே மருந்தைப் புனேயில் தயாரித்த கோவிஷீல்டு இல்லை. பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக அதை ஏற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டு மருந்தை ஏற்றுக்கொண்டபோதிலும் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. அக்டோபர் 4 முதல் இந்தியாவும் பிரிட்டன் பயணிகளுக்குப் பத்து நாள் தனிமை என்று பதிலடி கொடுத்தது. 11-ஆம் தேதி முதல் பிரிட்டன் விதியைத் தளர்த்தியது. கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதி 03.11.2021 அன்றுதான் வந்தது. கனடாவில் அரசே சொன்னபடி இரண்டு நிறுவன மருந்துகளைக் கலந்து போட்டவர்கள், அமெரிக்கா அதை ஏற்கும்வரை தவித்தார்கள். பயணத்துக்காகவே கூடுதல் தவணை போட கியூபெக் மாகாணம் வழி செய்ய வேண்டியிருந்தது.

கிரீன் கார்டுக்கான பரிசோதனையும் பள்ளிக் கணக்கும் ஒன்றா?

இல்லை. குடியேற்றப் பரிசோதனையில் பெரியவர்களுக்கும் வயதுக்கேற்ற ஊசிகளைக் கேட்பார்கள். அதை அரசு நியமித்த மருத்துவர் மட்டுமே எழுதித் தர முடியும். அவர் தரும் நகலைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு பள்ளிக்கோ கல்லூரிக்கோ அதுவே ஆதாரமாகும்.

மீதி ஊசிகளை இங்கேயே போட்டுவிட்டுப் போகலாமா?

மூன்று நான்கு மாத அவகாசம் இருந்தால் இங்கேயே போடுவதுதான் நல்லது. எம்.எம்.ஆர்., சின்னம்மை, ஹெபடைடிஸ்-பி, ஐ.பி.வி. நான்கும் நம் ஊர்க் குழந்தை மருத்துவரிடம் கிடைக்கும்; அங்கே போனதும் காப்பீடு வரும்வரை ஊசிக்காகக் காத்திருக்க நேராது. முதல் நாளில் நான்கையும் ஒன்றாகப் போடலாம். 28 நாள் கழித்து இரண்டாம் எம்.எம்.ஆர். சின்னம்மை இரண்டாம் தவணைக்கு மட்டும் மூன்று மாதம் வேண்டும். அவகாசம் இல்லையென்றால் முதல் தவணைகளையாவது போட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மீதித் தவணைகளுக்கு நாள் குறித்திருப்பதைக் காட்டினால் பல மாநிலங்களில் பிள்ளையைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் தாளைக் கைப்பையில் வையுங்கள், சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம்.